யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்: எஸ், ஆர் பார்க்கிறதுக்கு முன்னாடி மேல இருக்கிற வரியைப் படிங்க

யூரின் கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லார் கண்ணும் நேரா போறது அந்த மருந்து லிஸ்ட்டுக்குத்தான். எதுக்கு எதிரே எஸ் இருக்கு (அந்த மருந்துக்கு கிருமி அடங்கும்), எதுக்கு ஆர் இருக்கு (அடங்காது)ன்னு பார்ப்போம், ஆர் நிறைய இருந்தா வயித்தைக் கலக்கும், எஸ் நிறைய இருந்தா அதுல நமக்குத் தெரிஞ்ச மாத்திரை பேர் ஏதாவது இருக்கான்னு தேடுவோம். ஆனா அந்த லிஸ்ட் ரிப்போர்ட்டோட கடைசிப் பாகம்தான். அதுக்கு மேல ரெண்டு மூணு வரி இருக்கும், என்ன கிருமி, எவ்வளவு எண்ணிக்கை, சாம்பிள் எப்படி எடுத்ததுன்னு, அதைத்தான் முதல்ல படிக்கணும். ஏன்னா அந்த வரிகள் சரியில்லைன்னா கீழ இருக்கிற முப்பது மருந்து பேருக்கும் ஒரு அர்த்தமும் கிடையாது, தப்பான கிருமிக்கு சரியா எழுதின மருந்து லிஸ்ட்டாத்தான் அது இருக்கும்.

முதல்ல ஒரு குழப்பத்தை ஒதுக்கிடலாம். யூரின் ரொட்டீன் வேற, சிறுநீர்ல இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் வேற. ரொட்டீன்ல கொஞ்ச நேரத்துலயே முடிவு வந்துடும், பஸ் செல்ஸ், அதாவது சீழ் அணுக்கள் எவ்வளவு, ரத்த அணுக்கள் இருக்கா, நைட்ரைட் பாசிட்டிவா இதெல்லாம் சொல்லும். இதுல நைட்ரைட்டை ரொம்ப பேர் தப்பா நம்புறாங்க. சில பாக்டீரியா சிறுநீர்ல இருக்கிற நைட்ரேட்டை நைட்ரைட்டா மாத்தும், அதுக்கு சிறுநீர் பையில ஏறக்குறைய 4 மணி நேரமாவது சிறுநீர் தேங்கி நிக்கணும், ஆனா இன்ஃபெக்ஷன் வந்தவங்க அரை மணிக்கு ஒரு தரம் ஓடிட்டு இருப்பாங்க, அப்புறம் எங்க தேங்குறது. போதாததுக்கு என்ட்ரோகாக்கஸ் மாதிரி சில கிருமிகளுக்கு இந்த வேலையே தெரியாது. அதனால நைட்ரைட் பாசிட்டிவ்னா கிருமி இருக்கிறதுக்கு நல்ல அறிகுறி, நெகட்டிவ்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்ங்கிற கேள்விக்கு கல்ச்சர்தான் பதில் சொல்லணும்.

அந்தப் பதில் பாதி முடிவாகுறது லேப்ல இல்ல, பாத்ரூம்ல. சிறுநீர் வெளிய வர்ற வழியிலயும் சுத்தி இருக்கிற தோல்லயும் எப்பவுமே பாக்டீரியா குடியிருக்கும், அதெல்லாம் நோய் இல்ல. முதல்ல வர்ற சிறுநீர் அந்தப் பாக்டீரியாவை அடிச்சுட்டு வரும், அதனாலதான் முதல் பாகத்தை விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிக்கச் சொல்றாங்க. டப்பாவோட உள்பக்கத்தையோ மூடியோட உள்பக்கத்தையோ கை தொடக்கூடாது, டப்பாவை நிறைக்கணும்னும் அவசியம் இல்ல, 10, 20 மில்லி தாராளம். இன்னொரு முக்கியமான விஷயம், ஆன்டிபயாட்டிக் போடுறதுக்கு முன்னாடி எடுக்கணும். வீட்டுல மீதி கிடந்த மாத்திரை ஒண்ணு ரெண்டு முழுங்கிட்டு, சரியாகலைன்னு அப்புறமா போய் சாம்பிள் கொடுத்தா, இன்ஃபெக்ஷன் அப்படியே இருக்கும், ரிப்போர்ட் மட்டும் வளர்ச்சி இல்லைன்னு வரும். போட்டிருந்தா வெக்கப்படாம லேப்லயும் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க, அந்த ஒரு தகவல் இல்லாம அந்த ரிப்போர்ட்டை யாராலயும் சரியா படிக்க முடியாது.

அடுத்தது நேரம். ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூடும் சாப்பாடும் கிடைச்சா சுமார் 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் ரெண்டாகும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு மணி நேரத்துல 8 மடங்கு, ரெண்டு மணி நேரத்துல 64 மடங்கு, நாலு மணி நேரத்துல 4,096 மடங்கு. அறை சூட்டுல அவ்வளவு வேகமா வளராதுதான், ஆனாலும் காலையில பிடிச்ச டப்பாவை பையில போட்டுக்கிட்டு நாலு வேலை முடிச்சுட்டு மத்தியானம் லேப்ல கொடுத்தா, தோல்ல இருந்து தவறி விழுந்த கொஞ்சூண்டு கிருமி பெரிய இன்ஃபெக்ஷன் மாதிரி வேஷம் போட்டு நிக்கும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும், முடியலைன்னா ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரியில வெச்சு 24 மணி நேரத்துக்குள்ள கொடுக்கலாம், ஃப்ரீசர்ல வைக்கக்கூடாது. சில இடத்துல போரிக் ஆசிட் போட்ட டப்பா கொடுப்பாங்க, அது கிருமி எண்ணிக்கை மாறாம அப்படியே பிடிச்சு வைக்கிறதுக்கு, உள்ள ஏதோ பொடி இருக்கேன்னு கழுவிடாதீங்க.

கதீட்டர், அதாவது சிறுநீர் போக டியூப் போட்டிருக்கிறவங்களுக்கு தொங்குற பையில இருந்து சாம்பிள் எடுக்கவே கூடாது, பையில இருக்கிறது மணிக்கணக்கா ஊறின சிறுநீர். டியூப்ல அதுக்குன்னு இருக்கிற இடத்துல இருந்து எடுக்கணும், ரொம்ப நாள் பழசான டியூப்னா மாத்திட்டு புதுசுல இருந்து எடுக்கிறதுதான் சரி. கைக்குழந்தைக்கு பை ஒட்டி பிடிக்கிற முறையில கலப்படம் ரொம்ப அதிகம், அதுல ஒண்ணும் வளரலைன்னா அதை நம்பலாம், வளர்ந்திருந்தா அதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, வேற முறையில திரும்ப எடுக்கச் சொல்வாங்க. குழந்தையை மறுபடி படுத்துறாங்களேன்னு கோபம் வரத்தான் செய்யும், ஆனா காரணம் இதுதான்.

சரி, லேப்ல என்ன நடக்குது. அளவு துல்லியமா செஞ்ச ஒரு சின்ன வளையக் கம்பி இருக்கும், பெரும்பாலும் 1 மைக்ரோலிட்டர் பிடிக்கிறது, அதாவது ஒரு மில்லியில ஆயிரத்துல ஒரு பங்கு. அதைச் சிறுநீர்ல முக்கி அகார் தட்டுல, அதாவது கிருமிக்கு சாப்பாடு கலந்த ஜெல்லி ஊத்தின தட்டுல, கோடு கோடா இழுத்து, 35லருந்து 37 டிகிரி சூட்டுல 18லருந்து 24 மணி நேரம் வைப்பாங்க. விழுந்த ஒவ்வொரு கிருமியும் தானா பெருகி கண்ணுக்குத் தெரியற ஒரு புள்ளி ஆகும், அதுக்குப் பேர் காலனி. காலனியை எண்ணி ஆயிரத்தால பெருக்கினா ஒரு மில்லிக்கு எவ்வளவு கிருமின்னு வந்துடும், 100 காலனின்னா ஒரு லட்சம். மெக்காங்கி அகார்ல ஈ.கோலையும் கிளெப்சியெல்லாவும் லாக்டோஸ் சர்க்கரையைப் புளிக்க வைக்கிறதால பிங்க் கலர்ல வரும், புரோட்டியஸ் அப்படி வராது, அது ரத்த அகார்ல அலை அலையா தட்டு முழுக்க பரவி மத்த எல்லாத்தையும் மூடிடும், அதைத் தடுக்கத்தான் உப்புச் சத்து குறைச்ச கிளெட் அகார்ங்கிற தட்டை சிறுநீருக்குன்னே வெச்சிருக்காங்க. கிருமி பேரைக் கண்டுபிடிக்க இப்ப மால்டி-டாஃப்னு ஒரு மெஷின் இருக்கு, நிமிஷத்துல சொல்லிடும். ஆனா அதுக்குக் கொடுக்கவும் வழக்கமா முதல்ல காலனி வளர்ந்து வரணும். ரெண்டு நாள், மூணு நாள் ஆகுதேன்னு லேப்பைத் திட்டுறதுல பிரயோஜனம் இல்ல, முதல் நாள் கிருமி வளர, ரெண்டாவது நாள் மருந்து முன்னாடி அது வளருதான்னு பார்க்க, இந்த ரெண்டு ராத்திரியைச் சுருக்குறது சுலபம் இல்ல.

இப்ப அந்த ஒரு லட்சம்ங்கிற நம்பருக்கு வருவோம், நிறைய பேர் அதை ஒரு பாஸ் மார்க் மாதிரி நினைக்கிறாங்க. 1956ல அமெரிக்காவுல எட்வர்ட் காஸ்ங்கிற டாக்டர் சொன்ன எல்லை அது. கிட்னி இன்ஃபெக்ஷன் இருக்கிற பெண்கள், எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்கள்னு பார்த்து, மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல இருந்தா அது பெரும்பாலும் உள்ளேயே இருக்கிற கிருமி, அதுக்குக் கீழன்னா கலப்படமா இருக்க வாய்ப்பு அதிகம்னு பிரிச்சார். எரிச்சலோட வர்றவங்களுக்கு அந்த எல்லை பொருந்துமாங்கிறது வேற கேள்வி. 1982ல வால்ட்டர் ஸ்டாமும் கூட இருந்தவங்களும் எரிச்சலும் அடிக்கடி போறதுமா வந்த பெண்களுக்கு சிறுநீர் பையில இருந்தே நேரா சாம்பிள் எடுத்துப் பார்த்தப்போ, மில்லிக்கு 100 கிருமி இருந்தாலே அது உண்மையான இன்ஃபெக்ஷனா இருக்கலாம்னு தெரிஞ்சது. இதுல ஒரு சுவாரசியமான சிக்கல் இருக்கு. 1 மைக்ரோலிட்டர் வளையத்துல ஒரே ஒரு காலனி வந்தா அது ஆயிரம்னு கணக்கு. அப்ப மில்லிக்கு 100 இருக்கிறவங்களுக்கு அந்தத் தட்டுல பெரும்பாலும் ஒண்ணுமே தெரியாது, ரிப்போர்ட்ல வளர்ச்சி இல்லைன்னுதான் வரும். அந்த வார்த்தைக்கு உண்மையான அர்த்தம், இந்த முறையில கண்ணுக்குப் படுற அளவு இல்லைங்கிறது மட்டும்தான். தொந்தரவு தெளிவா இருக்கும்போது அந்த ஒரு வரியை வெச்சு உனக்கு ஒண்ணும் இல்ல, மனப்பிரமைன்னு சொல்றது நியாயமே இல்ல.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் இருக்கு, என்னைக் கேட்டா அதிகமா கெடுதல் பண்றது இதுதான். எந்தத் தொந்தரவும் இல்லாதவங்களுக்கு கல்ச்சர்ல ஒரு லட்சம் வரும், வயசானவங்ககிட்ட இது ரொம்ப சாதாரணம், மாசக்கணக்கா கதீட்டர் போட்டிருக்கிறவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்குமே வரும். அது கிருமி தங்கியிருக்கிறது, நோய் கிடையாது. எரிச்சல் இல்ல, காய்ச்சல் இல்ல, சிறுநீர் கொஞ்சம் கலங்கலா நாத்தமா இருக்குங்கிறதுக்காக மட்டும் டெஸ்ட் எடுத்து, வந்த கிருமிக்கு மருந்து கொடுத்தா பெரும்பாலும் அவங்களுக்கு நன்மை இல்ல, குடல்ல இருக்கிற கிருமி எல்லாம் அந்த மருந்துக்குப் பழகிடும், நிஜமா இன்ஃபெக்ஷன் வர்ற அன்னைக்கு அந்த மருந்து கை கொடுக்காது. இதுல விதிவிலக்குன்னு முக்கியமா ரெண்டு சொல்லலாம். ஒண்ணு கர்ப்பிணிகள், அவங்களுக்கு தொந்தரவு இல்லாம இருந்தாலும் சிகிச்சை வேணும், விட்டா கிட்னி வரைக்கும் ஏறுற வாய்ப்பு அதிகம். இன்னொண்ணு, சிறுநீர்ப் பாதையில ரத்தம் வர்ற மாதிரியான ஆபரேஷனுக்கு முன்னாடி.

கிருமி பேரும் ஏதோ ஒரு லத்தீன் வார்த்தைன்னு தாண்டிப் போற விஷயம் இல்ல. சாதாரண யூரினரி இன்ஃபெக்ஷன்ல நாலுல மூணு பங்கு ஈ.கோலைதான், அது நம்ம குடல்ல இருக்கிறதுதான், வெளிய எங்கேயோ இருந்து வந்தது இல்ல. புரோட்டியஸ் வந்தா, திரும்பத் திரும்ப வந்தா, கல் இருக்கான்னு பார்க்கணும், அது யூரியாவை உடைச்சு சிறுநீரைக் காரத்தன்மை ஆக்கி கல் உருவாக வழி பண்ணும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் சிறுநீர்ல வந்தா, குறிப்பா காய்ச்சலோட வந்தா, ரத்தத்துல இருந்து கிட்னி வழியா இறங்கினதான்னு யோசிப்பாங்க, பிளட் கல்ச்சர் கேட்பாங்க. கர்ப்பிணிக்கு குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எந்த எண்ணிக்கையில வந்தாலும் குறிச்சு வைக்கணும், பிரசவ நேரத்துல குழந்தைக்குத் தொத்தாம இருக்க ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறது வழக்கம். மூணு நாலு வகை கிருமி கலந்து வளர்ந்திருக்குன்னு வந்தா பெரும்பாலும் சாம்பிள் எடுத்ததுல கலப்படம், திரும்ப எடுக்கிறதுதான் வழி.

இப்பதான் அந்த எஸ், ஆர் லிஸ்ட். பழைய முறை, இன்னும் நிறைய லேப்ல நடக்கிற முறை, கிர்பி-பாயர், 1966ல பாயர், கிர்பி, ஷெரிஸ், டர்க் நாலு பேரும் சேர்ந்து ஒழுங்குபடுத்தி எழுதினது. கிருமியைக் கரைச்சு, மில்லிக்கு சுமார் 15 கோடிங்கிற ஒரே கலங்கலுக்குக் கொண்டு வந்து, 4 மி.மீ. கனமான முல்லர்-ஹின்டன் அகார் தட்டு முழுக்கப் பூசி, மேல மருந்து ஊறின சின்னச் சின்ன வட்டக் காகிதங்களை வைப்பாங்க. மருந்து அகார்ல பரவும், எங்க வரைக்கும் கிருமியைத் தடுக்குதோ அங்க வரைக்கும் ஒரு வெத்து வட்டம் விழும், மறுநாள் அந்த வட்டத்தோட விட்டத்தை மி.மீ.ல அளப்பாங்க. அகார் கனம் கூடினாலே வட்டம் சுருங்கிடும், கிருமி அடர்த்தி குறைஞ்சா விரிஞ்சுடும், அதனாலதான் எல்லாத்துக்கும் அளவு வெச்சு கறாரா பண்றாங்க. மெஷின்ல போடுற லேப்ல எம்ஐசின்னு ஒரு நம்பர் வரும், அது கிருமி வளர்றதை நிறுத்த தேவைப்படுற குறைஞ்சபட்ச மருந்து அளவு.

ரிப்போர்ட்ல இந்த நம்பர்களைப் போட்டுட்டா ஒரு புது வம்பு வரும். பெரிய வட்டம்னா நல்ல மருந்து, எம்ஐசி சின்னதா இருந்தா பவர்ஃபுல் மருந்துன்னு நாமளே ஒரு ரேங்க் லிஸ்ட் போட்டுடுவோம். அது தப்பு. இந்த எஸ், ஆர் எல்லைகளை வகுக்கிற சிஎல்எஸ்ஐங்கிற அமெரிக்க அமைப்போட அட்டவணைப்படி ஈ.கோலைக்கு நைட்ரோஃபியூரன்டாயின் வட்டம் 17 மி.மீ. இருந்தாலே எஸ், ஆனா சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 21 மி.மீ. வந்தாலும் ஆர்தான், 26 வந்தாத்தான் எஸ். எம்ஐசியும் அப்படித்தான், நைட்ரோஃபியூரன்டாயினுக்கு 32 வந்தா எஸ், சிப்ரோவுக்கு 1 வந்தாலே ஆர். ஒவ்வொரு மருந்தும் அகார்ல பரவுற விதம் வேற, உடம்புல சேர்ற அளவு வேற, அதனால எல்லைக்கோடும் வேற. ரெண்டு மருந்தோட நம்பரை பக்கத்துல வெச்சுப் பார்க்கிறது ஒருத்தரோட உயரத்தையும் இன்னொருத்தரோட எடையையும் வெச்சு யார் பெரிய ஆள்னு கேக்கிற மாதிரி. ஐன்னு ஒரு எழுத்தும் வரும், பலரும் அதை அரைகுறைன்னு எடுத்துக்குவாங்க. இதே வேலையைப் பண்ற ஐரோப்பாவோட யூகாஸ்ட் அமைப்பு 2019லருந்து அதுக்கு அர்த்தத்தையே மாத்திடுச்சு, டோஸ் கூட்டினாலோ, மருந்து அந்த இடத்துல அதிகமா சேர்ந்தாலோ வேலை செய்யும்ங்கிறதுதான் இப்ப அதுக்குப் பொருள். அதனால ரிப்போர்ட் எந்த அமைப்போட அளவுகோல்ல போட்டதுன்னு கீழ சின்ன எழுத்துல இருக்கிற வரிக்கும் வேலை இருக்கு.

எஸ் போட்டிருக்கிறது எல்லாமே ஒரே தரம்னும் நினைக்காதீங்க. நைட்ரோஃபியூரன்டாயின் சிறுநீர்ல நல்லா சேரும், ஆனா ரத்தத்துலயும் கிட்னி சதையிலயும் போதுமான அளவு நிக்காது. அதனால சிறுநீர் பையில மட்டும் இருக்கிற இன்ஃபெக்ஷனுக்கு அருமையான மருந்து, காய்ச்சல் குளிரோட விலா பக்கத்துல வலி இருக்கிறவங்களுக்கு ரிப்போர்ட்ல பளிச்சுன்னு எஸ் இருந்தாலும் அது உதவாது. கிட்னி வேலை ரொம்பக் குறைஞ்சவங்களுக்கும், பிரசவம் நெருங்கினவங்களுக்கும் தவிர்ப்பாங்க. ஒரே வேளை 3 கிராம் பொடியா குடிக்கிற ஃபாஸ்ஃபோமைசினும் முக்கியமா சிறுநீர் பைக்குத்தான். தட்டுக்கு உங்க இன்ஃபெக்ஷன் எங்க இருக்குன்னு தெரியாது, நீங்க கர்ப்பமா, என்ன அலர்ஜி, வேற என்ன மாத்திரை போடுறீங்கன்னும் தெரியாது. இதெல்லாம் தெரிஞ்ச ஒரு ஆள் அந்த லிஸ்ட்டைப் பார்த்து தேர்ந்தெடுக்கணும், கடையில நீட்டி எஸ்ல ஒண்ணு கொடுங்கன்னு கேக்கிறதுல இருக்கிற ஆபத்து இதுதான்.

லிஸ்ட்ல சில மருந்து இல்லாததுக்கும் காரணம் உண்டு. என்ட்ரோகாக்கஸுக்கு செஃபலோஸ்போரின் இயல்பாவே வேலை செய்யாது, புரோட்டியஸுக்கு நைட்ரோஃபியூரன்டாயின் அப்படி, கிளெப்சியெல்லாவுக்கு ஆம்பிசிலின் அப்படி, அதனால டெஸ்ட் பண்ணவே அவசியம் இல்ல. இன்னும் சில லேப் வேணும்னே மெரோபெனம் மாதிரி பெரிய மருந்தோட முடிவை மறைச்சு வைக்கும், சாதாரண மருந்தே கேட்கும்போது அதை எழுதினா யாராவது எடுத்து விட்டுடுவாங்கன்னு. குறைச்சலா பேர் இருக்கிற ரிப்போர்ட் மட்டமான ரிப்போர்ட்னு நினைக்கிறவங்க இதைக் கவனிக்கணும், எனக்கென்னவோ முப்பது பேரை அள்ளிப் போடுற ரிப்போர்ட்டைவிட இதுதான் பொறுப்பான வேலைன்னு தோணும்.

ஈஎஸ்பிஎல் பாசிட்டிவ்னு ஒரு வரி வந்தா நிறைய பேர் நொறுங்கிப் போறாங்க. பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகளை உடைக்கிற ஒரு என்சைம் அந்தக் கிருமிகிட்ட இருக்குங்கிறதுதான் விஷயம், அதோட மரபணு ஒரு கிருமியில இருந்து இன்னொண்ணுக்குத் தாவக்கூடியது, தாவும்போது வேற மருந்துக்கான எதிர்ப்பையும் கூட்டிக்கிட்டே போகும், அதனாலதான் அந்த லிஸ்ட்ல ஆர் வரிசையா நிக்குது. அதுக்காக நோய் நூறு மடங்கு மோசம்னு ஆகிடாது, மருந்து தேர்வுதான் சுருங்குது. சிறுநீர் பையோட நின்ன இன்ஃபெக்ஷன்னா நைட்ரோஃபியூரன்டாயினோ ஃபாஸ்ஃபோமைசினோ பல சமயம் இன்னும் எஸ்ஸா இருக்கும், வாய்வழி மருந்துலயே முடிஞ்சுடும். கிட்னி, ரத்தம்னு போயிருந்தாத்தான் ஊசி மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம்.

ரிப்போர்ட் வர்றதுக்குள்ள டாக்டர் ஒரு மருந்தை ஆரம்பிச்சிருப்பார், அப்புறம் பார்த்தா அதுக்கு நேரே ஆர் இருக்கும், ஆனா உங்களுக்கு எரிச்சல் குறைஞ்சிருக்கும். இது நடக்கும். சிறுநீர்ல மருந்து ரத்தத்தைவிட பல மடங்கு சேரும், தவிர சிறுநீர் பை இன்ஃபெக்ஷன் சிலருக்கு தானாவே அடங்கும். மாத்தணுமா வேண்டாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. எதிர்மாறா, எஸ் மருந்து போட்டும் ரெண்டு மூணு நாள்ல முன்னேற்றம் இல்லைன்னா அடைப்பு, கல், சீழ்கட்டி ஏதாவது இருக்கான்னு ஸ்கேன் பக்கம் போகணும். பஸ் செல்ஸ் நிறைய இருந்து கல்ச்சர்ல ஒண்ணும் வளராம திரும்பத் திரும்ப வந்தா கிளமிடியாங்கிற பால்வினைத் தொற்று, டிபி மாதிரி விஷயங்களையும் தேடணும், டிபி கிருமி இந்த 24 மணி நேர தட்டுல முளைக்காது, அதுக்கு வாரக்கணக்குல ஆகுற தனி கல்ச்சர் இருக்கு. குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், விலாவுல வலி, வாந்தி இருந்தா ரிப்போர்ட்டுக்காக வீட்டுல காத்துக்கிட்டு இருக்கக்கூடாது, உடனே போகணும்.

கல்ச்சர் எல்லாருக்கும் வேணுமான்னா, வேண்டாம். ஆரோக்கியமா இருக்கிற, கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு எப்பவாவது ஒரு தரம் வர்ற சாதாரண எரிச்சலுக்கு கல்ச்சர் இல்லாமலே சிகிச்சை தரலாம். கர்ப்பிணி, ஆண்கள், குழந்தைங்க, காய்ச்சலோட வர்றவங்க, மருந்து கேட்காதவங்க, ஆறு மாசத்துல ரெண்டு தரமோ வருஷத்துல மூணு தரமோ வர்றவங்க, இவங்களுக்கு அவசியம். மருந்து முடிஞ்சு நல்லா ஆனப்புறம் சுத்தமாயிடுச்சான்னு பார்க்க இன்னொரு கல்ச்சர் பொதுவா தேவையில்ல, கர்ப்பிணிக்கு மட்டும் எடுப்பாங்க. அடிக்கடி வர்றவங்க பழைய ரிப்போர்ட்டை எல்லாம் தேதியோட, அப்ப என்ன மருந்து போட்டாங்கங்கிறதோட போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்குங்க, அடுத்த தரம் புது ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எந்த மருந்துல ஆரம்பிக்கலாம், எதைத் தவிர்க்கணும்னு முடிவு பண்ண டாக்டருக்குக் கையில இருக்கிற நல்ல ஆதாரங்கள்ல அதுவும் ஒண்ணு, முக்கியமா கடந்த சில மாசத்துக்குள்ள எடுத்ததா இருந்தா.